பொம்மையிடம் பேரம்

"விக்கிறதுல நம்ம சங்கத்துக்கு எவ்வளவு பங்கு?" என்று பொருளாளர் கேட்டதும், செயலாளர் கொஞ்சமும் யோசிக்காமல், "பாதி" என்று சொல்லிவிட்டார்.

பச்சைப் பொய். சங்கத்துக்கு ஒரு காசுகூடக் கிடையாது.

சங்கம் நடத்திய பேசும் பொம்மை நிகழ்ச்சியில் இடைவேளை நேரம். அரங்கத்து வாசலில் பொம்மைக்காரரின் விற்பனை மேசையைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. முதல் பாதி முழுக்க அவர் மடியில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசிய பொம்மைக்கு வாயாடி என்று பெயர். வாயாடியின் குட்டிப் பொம்மைகள், வாயாடி படம் போட்ட பனியன்கள், கோப்பைகள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன.

ஒப்பந்தம் எழுதியவர் சாட்சாத் செயலாளரேதான். பொம்மைக்காரரின் கட்டணத்தைக் குறைக்க வேண்டி, "விக்கிறது மொத்தமும் நீங்களே வெச்சுக்கங்க" என்று பெருந்தன்மையாக ஐந்தாவது வரியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இந்தக் காலத்தில் யார் பொம்மை வாங்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

"பாதியா! அப்ப நூலகக் கூரையைப் பிரிச்சுப் புதுசாவே போட்டுடலாம். கடைசியில நானே மேடையேறி அறிவிச்சிடறேன்" என்றார் பொருளாளர்.

அடுத்த ஞாயிறு சங்கத் தேர்தல். ஒன்பது வருடமாகச் செயலாளர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் மேல் பொருளாளருக்கு ஒரு கண். போதாததற்கு, நூலகக் கூரையைச் சரிசெய்வேன் என்று வருடா வருடம் வாக்குக் கொடுத்து, ஒழுகும் இடத்தில் வாளியை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார் செயலாளர்.

ஓட்டமும் நடையுமாக ஒப்பனை அறைக்குப் போனார். பொம்மைக்காரர் வாயாடியின் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்ன விஷயம். அந்த அஞ்சாவது வரி இருக்கு பாருங்க... அதைக் கொஞ்சம் மாத்திப் பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கலாமா?"

பொம்மைக்காரர் புன்னகைத்தார். தலையை ஆமாம் என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் ஆட்டிவிட்டு, வாயாடியைச் சுட்டிக்காட்டினார்.

"ஓ, பொம்மையைக் கேக்கணுமா? கலைஞர்னா கலைஞர்தான்யா!"

மூலையில் ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், அவரு வந்து..."

"நீங்க வயரைப் பாருங்க. நாங்க பெரிய விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்."

சிரித்தால் சம்மதம் என்று செயலாளர் முடிவுகட்டினார். பொருளாளர் முந்திக்கொள்வதற்குள் தானே அறிவித்துவிட்டால் பெயரும் தனக்கே வரும், பொம்மைக்காரரும் சபையில் மறுக்க மாட்டார். திரை விலகியதும் முதல் ஆளாக மைக்கைப் பிடித்தார்.

"அன்பு நண்பர்களே! இன்று விற்கும் ஒவ்வொரு பொருளிலும் பாதிப் பணம் நம் நூலகக் கூரைக்கு!"

கைதட்டல் பலமாகக் கிளம்பியது. அது அடங்குவதற்குள் வாயாடி வாயைத் திறந்தது.

"யாரைக் கேட்டு அறிவிச்சீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயலாளரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவைத்தார்.

"இளிக்காதீங்க. சட்டைப்பையில ஒப்பந்தம் இருக்கில்ல? அஞ்சாவது வரியைச் சத்தமாப் படிங்க, கேப்போம்."

செயலாளர் பொம்மைக்காரரைக் கெஞ்சலாகப் பார்த்தார். அவரோ எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பொருளாளர் பக்கத்து ஆளிடம், "என்ன தேர்ச்சி! தொண்டைகூட அசையல பாத்தீங்களா" என்று வியந்துகொண்டிருந்தார்.

"சரி, பாதி வேண்டாம். மூணுல ஒரு பங்கு?" செயலாளர் குனிந்து பொம்மையின் காதில் கிசுகிசுத்தார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டதால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"காதுல என்ன ரகசியம்? பேரம் பேசாம இருக்க முடியாதே உங்களால! கத்தரிக்காய் வாங்கினாலே ரெண்டு கொசுறு கேக்கிற ஆளாச்சே."

"அது... விலைவாசி அப்படி."

"கல்யாண நாளைக்குப் பொண்டாட்டிக்குப் பூங்கொத்து குடுத்தீங்களே, அதுவும் விலைவாசியா? சங்க விழாவுல தலைவருக்கு வந்த பூங்கொத்துதானே அது? 'தலைவர் அவர்களுக்கு'ன்னு எழுதின சீட்டு அப்படியே தொங்கிச்சாம்!"

அரங்கம் அதிர்ந்தது. செயலாளரின் காது சிவந்தது. பக்கத்து வீட்டுக்காரரான பொருளாளரைத் தவிர வேறு யார் இதை உளறியிருக்க முடியும்? அவரை முறைத்தார். பொருளாளர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மானத்தைக் காப்பாற்ற ஒரு வழிதான் தோன்றியது. "நானே என் சொந்தக் காசுல இருபது பொம்மை வாங்கறேன், போதுமா?" என்றார்.

"ஐம்பது!"

"முப்பது!"

"பாத்தீங்களா, இதுலயும் பேரம்!"

அதற்குமேல் செயலாளரால் முடியவில்லை. மேடையின் நடுவில் தளர்ந்து நின்றார்.

"நான் பொய் சொல்லிட்டேன். சங்கத்துக்குப் பங்கே கிடையாது. எழுதிக் குடுத்த மடையன் நான்தான். தேர்தல்ல தோத்துடுவேனோன்னு பயம். அதைவிட, மழை வந்தா அந்தப் புத்தகமெல்லாம் நனையறதைப் பாக்க எனக்குத் தாங்கல. போன மழையில ரெண்டு அலமாரியை நானே இழுத்துப்போட்டு, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. வழுக்கி விழுந்தேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டேன். பாவம், பத்து நாள் தைலம் தேய்ச்சுவிட்டா. அவகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கணும்."

வாயாடி மறுபடி பேசியபோது குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"சரி. கால் பங்கு கூரைக்கு. உங்க முப்பது பொம்மையும் நூலகத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்கு. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேரம் பேசக்கூடாது."

பொம்மைக்காரர் எழுந்து சம்மதமாகத் தலையாட்டிச் செயலாளரின் கையைக் குலுக்கினார். அதன்பின் கைதட்டல் நிற்கவே இல்லை. ஆட்டம் முடிந்த அரைமணியில் மேசை காலி. கடைசிக் கோப்பைக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். "இவ்வளவு வெள்ளை மனசுக்காரரை எதுத்து நான் எப்படி நிக்கிறது?" என்று பொருளாளரே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. பொம்மையிடமே பேரம் பேசிக் கால் பங்கு வாங்கியவன் இந்த உலகத்தில் வேறு யார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனார்.

"ஐயா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. கத்தரிக்காய், பூங்கொத்துன்னு என் வீட்டு விஷயத்தை எல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

பொம்மைக்காரர் பரிதாபமாகப் புன்னகைத்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் நிமிர்ந்தார். "அப்பவே சொல்ல வந்தேன் சார், நீங்கதான் வயரைப் பாக்கச் சொன்னீங்க. இவருக்குக் காலையிலேருந்தே தொண்டை கட்டிப் பேச்சு வரல. வெந்நீர் குடுக்க வந்த உங்க வீட்டம்மாதான் பின்திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, குரலை மாத்தி, முதல்லேருந்து வாயாடிக்கு மைக்ல பேசினாங்க!"