பதினேழாம் இடத்தில் பெர்னில்லா

நாட்டின் பாட்டு விற்பனைப் பட்டியலில் பதினேழாம் இடத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியும், பெர்னில்லாவிடம் க்ரான்செலே ஊரில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரும் கூட்டுறவுக் கடையில் அவள் உட்கார்ந்திருக்கும் கல்லாவைத் தாண்டித்தான் பாலும் ரொட்டியும் வாங்கிப் போகிறார்கள். பை வேண்டுமா என்று இவள் கேட்கிறாள். வேண்டாம் என்கிறார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

வயது பத்தொன்பது. முதல் பாட்டு. நெஞ்சுக்குள் சூறாவளி என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. நிமிடத்துக்கு நூற்று நாற்பது முறை முரசு இடிக்கும். நடுவே ஓர் ஆண்குரல் வந்து யாரையோ மிரட்டிவிட்டுப் போகும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் அதன் பெயர் இசை.

“அம்மா, நீயாவது கேட்டியா?”

“கேட்டேன்” என்றாள் சிவ்.

“எப்படி இருந்துச்சு?”

“இருந்துச்சு. உருளைக்கிழங்கு ஆறுது பாரு, எடுத்துக்கோ.”

அன்று மாலையே ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி. இசைக் கம்பெனியின் பொன்டுஸ். தன் வாயிலிருந்து வருவதெல்லாம் அறிவிப்பு என்று நினைக்கும் மனிதன்.

“சனிக்கிழமை கேமராவோட வரேன். சொந்த ஊர் கொண்டாடும் நட்சத்திரம்! ஊரே பித்துப் பிடிச்சு ஆடணும்.”

“இங்க யாரும் அப்படி ஆட மாட்டாங்களே, பொன்டுஸ்.”

“என்ன பேசறே? தெக்கே மால்மோவிலருந்து வடக்கே கிரூனா வரைக்கும் காட்டுத்தீயாப் பரவுது. உன் ஊர் மட்டும் ஆடாதா?”

“ஆடலைன்னா?”

“அப்ப நீ அந்த ஊர்ல பொறக்கலைன்னு எழுதிடுவோம். சொந்த ஊர்லயே விலை போகாதவளை நான் எந்த டிவியில காட்டறது?”

பெர்னில்லா தொலைபேசியை வைத்தாள். பட்டியல் போனால் போகட்டும். பிறந்த ஊர் போய்விடுமே.

மறுநாள் கடை ஒலிபெருக்கியில் தன் பாட்டைத் தானே போட்டாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கையில் வெண்ணெயும் முட்டையுமாக அப்படியே நின்றார்கள். மேலாளர் மாய்கென் வந்து நிறுத்தினாள்.

“சத்தம் அதிகமா இருந்துச்சா?”

“சத்தம் இல்ல. ஜனம் நிக்குது. வரிசை நகர மாட்டேங்குது.”

பெர்னில்லாவின் காதில் விழுந்தது பாட்டு நின்ற சத்தம் மட்டும்தான்.

பிறகு தன் படம் போட்ட சுவரொட்டியைக் கடை வாசலில் ஒட்டினாள். மதியத்துக்குள் வேட்டைக் குழுத் தலைவர் ஆல்வர் அதன்மேல் கடமான் இறைச்சிப் பங்கீட்டுப் பட்டியலை ஒட்டிவிட்டார். வெளியே தெரிந்தது இவளுடைய மஞ்சள் முடி மட்டும். அறுபது வயதுக்காரரை ‘நீ’ என்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. அரசருக்கு மட்டும்தான் விலக்கு.

“ஆல்வர், என் மூஞ்சி மேல ஒட்டியிருக்கே.”

“ஆமா. எல்லாரும் பாக்கிற இடம் அதான்.”

அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவரிடமே கேட்டாள். “சனிக்கிழமை கொஞ்சம் ஆளுங்களைக் கூட்டிட்டு வர முடியுமா? டிவிக்காரங்க வராங்க.”

ஆல்வர் வானத்தைப் பார்த்தார். “மழை வந்தா?”

“வந்தாலும்தான்.”

“பாப்போம்” என்றார். க்ரான்செலேயில் கல்யாண சம்மதமே இந்த அளவில்தான் கிடைக்கும் என்பது பெர்னில்லாவுக்கு அப்போது நினைவில் இல்லை.

சனிக்கிழமை தூறல். சந்தைத் திடலில் லாரியின் முதுகில் மேடை. எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். வந்தவர்கள் மேடைக்குப் பத்து மீட்டர் தள்ளி அரைவட்டமாக, கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டு, ஓர் இறுதிச் சடங்குக்குரிய ஒழுங்கோடு நின்றார்கள்.

வெள்ளைத் தோல் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக பொன்டுஸ் மேடையேறினான். வெயில் கடைசியாக வந்தது ஆகஸ்டில்.

“க்ரான்செலே! கையைத் தூக்குங்க!”

நடுவில் ஒரே ஒரு கை உயர்ந்தது. கேமரா ஆவலோடு திரும்பியது.

“காபி எப்போ?” என்று கேட்டது அந்தக் கைக்குரிய ஆள்.

காபி கொடுத்தால் உற்சாகம் வரும் என்று பொன்டுஸ் கணக்குப் போட்டான். உடனே ஊற்றச் சொன்னான். எண்ணூறு பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி, தள்ளுமுள்ளு இல்லாமல், காபி மேசை நோக்கி வரிசை கட்டினார்கள். பெர்னில்லா எண்ணூறு முதுகுகளைப் பார்த்து, என் நெஞ்சில் சூறாவளி என்று பாடினாள்.

“கீழ இறங்கு! கூட்டத்துக்குள்ள போ!” என்று பொன்டுஸ் கத்தினான்.

இறங்கினாள். அவள் ஓரடி வைத்தால் கூட்டம் ஓரடி ஒதுங்கியது. காபியோடு கொடுத்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அவள் கடைசி வரைக்கும் போனபோது அந்தப் பக்கம் ஆறுதான் இருந்தது.

பாட்டு முடிந்தது. கைத்தட்டல் இல்லை. ஒரு நொடி கழித்து, எண்ணூறு பேரும் சேர்ந்து வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தார்கள். ஷுப். அங்கே ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். எதற்கு ஆமாம் என்றுதான் தெரியவில்லை. முடிந்துவிட்டதா என்பதற்கும் அதே ஷுப்தான்.

“காத்து அடிக்குது. எதுவும் பதிவாகாது” என்றான் ஒலிப்பதிவாளன்.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் யாரோ, “பெருசா ஒண்ணும் நனையல” என்றார்கள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். முட்டை எறிந்திருந்தால், எறிகிற அளவுக்காவது நினைத்தார்களே என்று இருந்திருக்கும்.

பொன்டுஸ் ஒரு தாளை நீட்டினான். பிறந்த ஊர்: ஸ்டாக்ஹோம். இனி க்ரான்செலே என்ற பெயரை எந்தப் பேட்டியிலும் சொல்வதில்லை. கம்பெனி அடுத்த பாட்டைப் பதிவு செய்யும்.

காபிக் கறை படிந்த மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே வட்டமான எழுத்து.

ஊரில் ஃபேக்ஸ் இருந்தது ஹில்டிங்கின் ரேடியோக் கடையில் மட்டும். கையெழுத்தான தாளோடு பொன்டுஸ் முன்னே போனான். பெர்னில்லா வாசலில், விற்பனைக்கு வைத்திருந்த குளிர்பதனப் பெட்டிகளின் வரிசைக்குப் பின்னால் நின்று, பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஹில்டிங் தாளை இயந்திரத்தில் செருகினார். அது முனகிக்கொண்டே தாளை இழுக்கத் தொடங்கியது.

“கம்பெனிக்கா போகுது? அப்படியே இன்னும் ஐந்நூறு சிடி அனுப்பச் சொல்லிடு.”

“எந்த சிடி?”

“நம்ம பொண்ணோடதுதான். வேற எது?”

“இங்க யாரு வாங்கறா?” பொன்டுஸ் சிரித்தான்.

“எல்லாரும்தான். வேட்டைக் குழுவுக்குன்னு ஆல்வர் அறுபது வாங்கினான். அவ அம்மா சிவ் நாப்பத்தொண்ணு. பாதி வீட்டுல போட்டுக் கேக்க மெஷின் கிடையாது, இருந்தாலும் வந்துட்டே இருக்காங்க. மூணு வாரத்துல மூவாயிரத்து எண்ணூறு போயிருக்கு.”

பொன்டுஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். நாடு முழுக்க விற்றது எத்தனை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

“மத்த ஊர்ல எப்படிப் போகுதுன்னு சுண்ட்ஸ்வால் கடைக்கு போன் போட்டேன்” என்றார் ஹில்டிங். “ரெண்டு போச்சாம். அதுலயும் ஒண்ணு நம்ம பஸ் டிரைவர்.”

பொன்டுஸ் பாய்ந்து போய் இயந்திரத்தின் வாயிலிருந்து தாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பாதி கிழிந்து வந்தது.

குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பின்னால் சேறு சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஹில்டிங் அதைக் கவனிக்கவில்லை. கல்லாமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஆனா ஒண்ணு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தலைக்கனம் வந்துடும்.”