ஆயிரம் மை.ப.

திருநெல்வேலி கிழக்கு,
யாழ்ப்பாணம்.
21.08.1993, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி

அன்பின் மைத்துனர் சீவரத்தினத்துக்கு,

நாங்கள் இங்கே சுகம். உமது சுகமும் குணலட்சுமியினதும் பிள்ளைகளதும் சுகமும் அறிய ஆவல். இந்த இரண்டு வசனமும் இல்லாமல் தொடங்கினால் உமது அக்கா மகாதேவி கடிதத்தைக் கிழித்துப்போடுவார் என்பதால் எழுதினேன். உண்மையான சுகம் எப்படியென்பது கீழே வருகிறது. நீர் நமசிவாயத்தாரிடம் கொடுத்தனுப்பிய நூற்று நாற்பது மைத்தூள் பக்கெற்றுகளும் வந்து சேர்ந்தன. நீலம் தொண்ணூறு, கறுப்பு ஐம்பது. கிளாலிக் கடலேரியைக் கடக்கும்போது வள்ளத்துக்குள் தண்ணீர் அடித்து, மடியில் வைத்திருந்த பொதி நனைந்து, நமசிவாயத்தார் வெள்ளை வேட்டியோடு ஏறி நீல வேட்டியோடு இறங்கினாராம். முழங்காலிலும் நீலம். பதினைந்து நாளாகத் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. றோட்டில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பாவம், அவரில் பிழையில்லை. உம்மிலும் பிழையில்லை. பிழை முழுவதும் முப்பத்திரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்த உமது அத்தானில்.

நான் கேட்டது மை அல்ல. '1000 மை.ப. அவசரம்' என்று எழுதினேன் அல்லவா? அது ஆயிரம் மைக்கிரோ பரட்டு. ரேடியோவுக்குப் போடும் கண்டென்சரின் பெறுமதி. தபாலில் போகும் கடிதத்தில் கண்டென்சர் என்று விரித்து எழுதினால் வழியில் உடைத்துப் பார்க்கிறவர்கள் குண்டுக்குப் போடுகிற சாமான் என்று அர்த்தம் எடுத்து உம்மை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய சுருக்கத்தை எழுதிவிட்டேன். என்னிடம் படித்த ஒருவனாவது மை.ப. என்பதை மைப் பக்கெற் என்று விளங்கியிருந்தால் அவனை வகுப்பு வாங்கில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். நீர் என்னிடம் படிக்காதவர், அதனால் தப்பினீர். 'ஆயிரம் கிடைக்கவில்லை அத்தான், கிடைத்ததை அனுப்புகிறேன், இவ்வளவுக்கும் என்ன எழுதப்போகிறீர்கள்?' என்று கேட்டிருந்தீர். இந்தக் கடிதத்தைத்தான் எழுதுகிறேன். இது தபாலில் வரவில்லை, நம்பிக்கையான ஒருவர் கையில் வருகிறது. ஆகவே எல்லாவற்றையும் திறந்து எழுதலாம்.

எங்கள் யோகன் சித்திரையில் கனடாவுக்கென்று வெளிக்கிட்டவன். மொஸ்கோவில் நிற்பதாக ஒரு தகவல் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவன் போய்ச் சேர்ந்ததும் உமக்கு ரெலிபோன் எடுப்பான் என்றும், நீர் கொழும்பு வானொலியின் சனிக்கிழமைப் பிறந்தநாள் வாழ்த்தில் மகாதேவியின் பெயரைச் சொல்லுவிப்பீர் என்றும், அந்த வாழ்த்து வந்தால் பிள்ளை சேர்ந்துவிட்டான் என்று நாங்கள் எடுத்துக்கொள்வது என்றும் பேசிவைத்தோம். உமது அக்காவின் உண்மையான பிறந்த நாள் தை மாதத்தில் வருவதால் குழப்பமே வராது என்று திட்டம் போட்டவனும் நான்தான். நல்ல திட்டம். ரேடியோ வேலை செய்யவேண்டும் என்பது ஒன்றுதான் அதில் குறை.

தடை வந்த பிறகு கரண்டும் பற்றரியும் இங்கே இல்லையென்பது உமக்குத் தெரியும். இருந்த நாலையும் வெயிலில் காயவைத்து, பிறகு அவித்து, கடைசியில் அடக்கம் செய்தோம். எல்லாரையும் போல நானும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, மின் ஒரே பக்கமாக ஓட நடுவில் ஒரு டயோட் வைத்து, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்தேன். சத்தம் வந்தது. ஆனால் வாழ்த்துச் சொல்கிற பெண்பிள்ளை கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் நின்று பேசுவது மாதிரி இருந்தது. ஏனென்று எனக்குத் தெரியும். டைனமோ மின்னைத் துள்ளித் துள்ளித்தான் தரும். துலாவில் வாளி வாளியாக இறைத்தாலும் தொட்டியில் ஊற்றி விட்டால் வாய்க்காலில் தண்ணீர் சீராக ஓடுகிறதல்லவா, கண்டென்சர் அந்தத் தொட்டி. ஆயிரம் மைக்கிரோ பரட்டுப் போட்டால் இரைச்சல் அடங்கும். தத்துவம் முழுவதும் என் தலைக்குள் இருந்தது, கண்டென்சர்தான் இருக்கவில்லை.

"வேலிக்கு அங்காலை கமலாவதி வீட்டிலை கார் பற்றரியிலை ரேடியோ கணீரெண்டு கேக்குது. போய் ஒரு மூலையிலை இருந்து கேட்டிட்டு வருவமே?" என்றார் மகாதேவி. கமலாவதியோடு நாங்கள் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை. வேலியில் நின்ற முருங்கை யாருடையது என்பதில் வந்த பிரச்சினை. முருங்கை செத்துவிட்டது, பிரச்சினை உயிரோடிருக்கிறது. மகாதேவி பிள்ளைக்காக அதையும் விழுங்கத் தயாராக இருந்தார். நான்தான், "பௌதிகவியல் மாஸ்ரர் ரேடியோ கேக்கப் பக்கத்து வீட்டுக்குப் போறதோ? சனம் சிரிக்கும்," என்றேன். பிறகு சனம் சிரித்த சிரிப்பையும் நான்தான் கேட்டேன்.

சந்தைக்குப் பக்கத்தில் மேசை போட்டு ரேடியோ திருத்துகிற பியாட்றிஸிடம் போனேன். குருநகர்ப் பெண், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தகப்பனிடம் தொழில் பழகியவர். "என்ன பெறுமதி வேணும் மாஸ்ரர்?" என்று கேட்டு, பழைய கண்டென்சர்கள் போட்டிருந்த பேணியை எடுத்தார். நான் அவரை விடவில்லை. "நானே பாத்து எடுக்கிறன் பிள்ளை," என்று பேணிக்குள் கையை விட்டேன். துவரம்பருப்பு அளவில் ஒன்று, அதில் 104K என்று எழுதியிருந்தது. K என்றால் கிலோ, கிலோ என்றால் ஆயிரம். நூற்று நான்கு ஆயிரம்! ஆயிரம் தேடிப் போனவனுக்கு ஒரு இலட்சத்து நாலாயிரம் பருப்பு அளவில் கிடைக்கிறது, விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அங்கேயே நின்று புல்லரித்தேன். "மாஸ்ரர், உது..." என்று அவர் வாய் திறந்தார். "எனக்கு விளங்கும்," என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பருப்பைப் பூட்டிவிட்டுப் பெடலைச் சுற்றினேன். எண்ணெய்ச் சட்டி அப்படியே கொதித்தது. உமது அக்கா ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும், "இப்ப மகா எண்டு சொன்னதோ? மகேஸ்வரி எண்டதோ?" என்று கேட்டார். எனக்கு என் மூச்சிரைப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை செத்துப்போன பழைய வால்வு ரேடியோவைக் கழற்றினேன். பெருவிரல் பருமனில் ஒரு கண்டென்சர், மேலே 8 MFD. பெரிய M. பெரிய M என்றால் மெகா, பத்து இலட்சம் என்று நானே பரீட்சையில் புள்ளி வெட்டியிருக்கிறேன். எண்பது இலட்சம் பரட்டு! அது வெடித்தால் பலாலி றோட்டே மிஞ்சாது என்று கணக்குப் பார்த்து, குறட்டால் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கொண்டுபோய் வைத்து, மேலே உரலைக் கவிழ்த்துவிட்டேன். மூன்று நாள் உமது அக்காவுக்கு மா இடிக்க வழியில்லை. பருப்பை நம்பினேன், பெருவிரலுக்குப் பயந்தேன். அதற்குப் பிறகுதான் உமக்கு மை.ப. கடிதம் எழுதினேன். அது கொழும்புக்கு வந்து மையாக மாறித் திரும்ப ஏழு கிழமை. சனி ஒருவரை ஏழரை வருடம் பிடிக்கும் என்பார்கள். எங்களைப் பத்துச் சனி தொடர்ந்து பிடித்தது.

மையோடு நீர் வைத்த துண்டில் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தீர்: 'மற்ற விஷயம் அறிந்திருப்பீர்கள்.' எந்த விஷயம்? நாங்கள் ஒன்றும் அறியவில்லை. அந்த வரியைப் பதினைந்து நாளாக வாசிக்கிறோம். காலையில் வாசித்தால் நல்லதாகத் தெரிகிறது, விளக்கு வைத்த பிறகு வாசித்தால் கெட்டதாகத் தெரிகிறது. மகாதேவி இரண்டு கிழமையாக ஒருநேரச் சாப்பாடு. "சேந்திட்டான் எண்டால் சேந்திட்டான் எண்டெல்லே எழுதுவான் என்ரை தம்பி?" என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? சுருக்கி எழுதுகிற வியாதி குடும்பத்துக்கே வந்துவிட்டது என்றா? எனக்கும் பயம்தான் சீவரத்தினம். பகலெல்லாம் கண்டென்சர், கண்டென்சர் என்று நான் ஓடித் திரிந்தது, சும்மா இருந்தால் யோகனை நினைக்க வேண்டி வரும் என்பதால்தான்.

கடைசியில் வெட்கத்தை மடியில் கட்டிக்கொண்டு பியாட்றிஸிடம் திரும்பப் போனேன். பருப்பை மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "மாஸ்ரர், இந்தச் சின்னனுகளிலை கடைசி இலக்கம் இலக்கமில்லை. எத்தினை சைபர் எண்டு சொல்லுறது. 104 எண்டால் பத்தும் நாலு சைபரும், ஒரு லட்சம். ஆனால் லட்சம் மைக்கிரோவிலை இல்லை, பைக்கோவிலை. மைக்கிரோவிலை பாத்தால் பத்திலை ஒண்டு. K ஆயிரமில்லை, பெறுமதி நூற்றுக்குப் பத்து முன்னை பின்னை இருக்கும் எண்டு அர்த்தம்." ஒரு மைக்கிரோ பரட்டில் பத்து இலட்சம் பைக்கோ பரட்டு என்று நான் எத்தனை தலைமுறைக்குப் பாடமாக்க வைத்தேன்! தேவையானதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, நூறு மடங்கு கூட வைத்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். "அப்ப பெரிய M?" என்று கேட்டேன். "அது பழைய ஆக்கள் எழுதிறது. மைக்கிரோதான். எட்டு மைக்கிரோ. அதை என்ன செய்தனீங்கள்?" உரலின் கதையை நான் சொல்லவில்லை.

அவர் தேடி ஒன்று தந்தார். அதில் 1000 uF என்று இருந்தது. u என்பது வால் முறிந்த மியூ, அதாவது மைக்கிரோ என்று இப்போது நானே சொல்லுவேன். "இதிலை நேர், எதிர் இருக்கு. வெள்ளைக் கோட்டுப் பக்கம் பாத்துப் பூட்டுங்கோ," என்றார். அந்தக் கோட்டில் கழித்தல் குறி போட்டிருந்தது. வேறொருவன் என்றால் கழித்தலை எதிர் முனையில் பூட்டியிருப்பான். நான் யோசித்தேன். யோசித்ததுதான் வினை. கழித்தல் என்றால் அந்தப் பக்கம் ஒன்று குறைகிறது, குறைகிற இடத்தில் நேரைக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்துப் பூட்டி, போன சனிக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி தொடங்கக் கால் மணிக்கு முன்பிருந்தே மூச்சைப் பிடித்துச் சுற்றினேன். படார்! ரேடியோவுக்கு மேல் கடதாசித் துகள், புகை, நாற்றம். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் ஷெல் என்று பங்கருக்குள் பாய்ந்துவிட்டது. நானும் பாய்ந்தேன். பங்கருக்குள் இருந்து, "எங்கை விழுந்தது, எங்கை விழுந்தது?" என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் கேட்டேன் என்பதை உமக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்று பியாட்றிஸ் தானே வீட்டுக்கு வந்து இன்னொன்றைச் சரியாகப் பூட்டிவிட்டுப் போனார். என்னைத் தொடவிடவில்லை. ரேடியோ இப்போது மணி மாதிரிக் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிகழ்ச்சி. இன்றைக்குப் பெயர் வந்தால் நல்லது. வராவிட்டால், உம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று. யோகன் எங்கே? போன சனிகளில் நீர் வாழ்த்துச் சொல்லுவித்தீரா, இல்லையா? நல்லதோ கெட்டதோ, சுருக்காமல் முழு எழுத்தில் எழுதும். குணலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நல்லூர்க் கந்தன் உங்கள் எல்லாரையும் ஒரு குறையுமின்றி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
வே. கனகசபாபதி
(ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் என்று இனிப் போடமாட்டேன்)

பி.கு.: மணி ஆறு. மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். நிகழ்ச்சி முழுவதும் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது. எங்கள் பெயர் வரவில்லை. மகாதேவி முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். அப்போது வேலிக்கு மேலாலே கமலாவதியின் தலை தெரிந்தது. "மகாதேவியக்கா, உங்கடை ரேடியோ எடுக்கத் தொடங்கியிட்டுது போலை. நான் வலியக் கதைக்கிறதெண்டு நினையாதையுங்கோ. ஆனியிலை உங்களுக்கு அறுபத்தைஞ்சாவது பிறந்த நாளெண்டு கொழும்பிலையிருந்து தம்பி வாழ்த்துச் சொன்னவர். ஒரு வடையாவது வேலியாலை நீட்டுவியள் எண்டு பாத்தன். பத்துக் கிழமையாப் போச்சு," என்றார். உமது அக்கா, "என்ரை பிள்ளை போய்ச் சேந்திட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் வேலியோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தார். பத்துக் கிழமை நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தபோது அந்தச் செய்தி வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் பெடல் சுற்றியிருக்கிறேன். நானும் அழுதேன், அதை எழுத வெட்கமில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் மகாதேவிக்கு உறைத்தது. "அறுபத்தைஞ்சோ? எனக்கு ஐம்பத்தெட்டெல்லே! தம்பிக்கு எழுதுங்கோ, இன்னொருக்கா வாழ்த்துச் சொல்லச் சொல்லி. அதை நான் என்ரை காதாலை கேக்கவேணும். வயதை மட்டும் சொல்ல வேண்டாமெண்டு எழுதுங்கோ."