போட்டோவுக்கு ஒரு வரிசை

"யாருமே இல்லையா?" என்றாள் கம்பெனிப் பெண்.

சாவியம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். புதன்கிழமை காலையென்றால் உணவு வங்கியின் வாசலிலிருந்து சந்து முனை வரைக்கும் வரிசை நீளும். இன்றைக்கு ஒரு நாய்தான் படுத்திருந்தது. அதுவும், கம்பெனிப் பெண்ணோடு வந்த போட்டோக்காரரின் கேமராவைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டது.

தப்பு சாவியம்மா மேல்தான். கிடங்குச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர் அது. போன வாரம் அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க போட்டோ எடுக்க வராங்க, முகம் கழுவிட்டு வாங்க" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லித் தொலைத்தாள். முகம் கழுவுவது இருக்கட்டும், ஒருவரும் முகத்தையே காட்டவில்லை. வழக்கமாக முதலில் நிற்கும் கிழவர் மட்டும் வந்தார். கேமராவைப் பார்த்தார். "இந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"மேடம், முதலாளி இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவாரு. வரிசை இல்லன்னா, இங்க தேவையே இல்லபோலன்னு நினைச்சுடுவாரு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறது இன்னிக்குத்தான்."

அந்த ஒப்பந்தத்தில்தான் கிடங்கே ஓடுகிறது. மொத்த மளிகை வியாபாரம் செய்கிற அந்தக் கம்பெனி லாரியில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் அனுப்பும். கம்பெனியின் பெயர் போட்ட பையில் போட்டு, சாவியம்மா இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பாள். லாரி நின்றால், அடுத்த புதன்கிழமை பூட்டைத் திறக்கவே வேண்டியதில்லை.

சாவியம்மாவுக்குக் காலையிலிருந்தே முட்டி வலி. இப்போது தலையும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உடனே கிளம்பி வாங்க. வரிசையில நிக்கணும்."

"எந்த வரிசையில?" என்றார் வீட்டுக்காரர்.

"பசிக்கிறவங்க வரிசையில."

"நான் இப்பத்தானே சாப்பிட்டேன்!"

"தெரியும். நான்தானே போட்டேன். நம்ம கட்டடத்துல யார் சும்மா இருக்காங்களோ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அரை மணி நேரம் நடிச்சாப் போதும்."

வந்தார்கள். வீட்டுக்காரருக்குப் பின்னால் கீழ்வீட்டுத் தையல்காரர், எதிர்வீட்டு டியூஷன் வாத்தியார், மாடிவீட்டு அக்கா. போட்டோ என்று கேள்விப்பட்டதும் தையல்காரர் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்திருந்தார். வாத்தியாரின் சட்டை மடிப்பில் கை வைத்தால் வெட்டும். அக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து நின்றாள். வீட்டுக்காரரின் தொப்பை எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றது.

"இவங்க நன்கொடை கொடுக்க வந்தவங்களா?" என்று கேட்டாள் கம்பெனிப் பெண்.

சாவியம்மா அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

"கடையை விட்டுட்டா வந்தீங்க, அண்ணே?"

"கடை எங்கயும் ஓடிப்போயிடாதும்மா" என்றார் தையல்காரர்.

"உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்க, சார்?"

"இன்னிக்கு லீவு" என்றார் வாத்தியார். சந்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அதையெல்லாம் யோசிக்கச் சாவியம்மாவுக்கு நேரமில்லை.

அக்காதான் முரண்டு பிடித்தாள். "இங்க பாரு, என் மகன் மாசம் தவறாம பணம் அனுப்பறான். நான் போய் இந்த வரிசையில நின்னா நாலு பேர் என்ன சொல்வாங்க? இது வெறும் நடிப்புத்தானே?"

"சத்தியமா நடிப்புத்தான்க்கா."

"நடிப்புன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"நம்ம கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். நானே சொல்றேன்."

"அப்போ சரி" என்றாள் அக்கா. தையல்காரரும் வாத்தியாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

பழைய துணிகள் நன்கொடையாக வந்த பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. சாவியம்மா அதைக் கவிழ்த்தாள். வாத்தியாருக்குக் காலர் கிழிந்த சட்டை. தையல்காரருக்குப் பட்டன் இல்லாத ஒன்று. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் ஊசியைத் தேடியது.

"தைக்காதீங்க அண்ணே! கிழிஞ்சே இருக்கட்டும்."

அக்காவுக்குச் சாயம் போன சேலை. வீட்டுக்காரருக்கு எதுவும் ஏறவில்லை. ஒரு போர்வையைச் சுற்றி நிறுத்தினாள்.

"வேர்க்குதுடி."

"வேர்க்கட்டும். கஷ்டப்படற மாதிரி இருக்கும்."

இப்போது கம்பெனிப் பெண் வேறு விதமாக முகம் சுளித்தாள். "ஐயோ, ரொம்ப சோகமா இருக்கே. இதை ஆபீஸ்ல மாட்டப்போறோம் மேடம். பசி தெரியணும், ஆனா நம்பிக்கையோட பசிக்கணும்."

"நம்பிக்கையோட பசிங்க" என்று சாவியம்மா வரிசையைப் பார்த்துச் சொன்னாள். தன் குரலே தனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நீங்க பின்னாடி போங்க."

ஒரு மணி நேரம் என்றது மத்தியானம் வரைக்கும் இழுத்து, ஒருவழியாகக் கார் வந்தது. முதலாளி இறங்கினார். நல்ல மனுஷன்தான், அதுதான் தொல்லையாகப் போயிற்று. போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போயிருந்தால் முடிந்திருக்கும். அவரோ மனிதர்களோடு பேச வேண்டும் என்றார். நேராகப் பின்னால் போய், போர்வைக்காரரின் தோளில் கை போட்டார்.

"கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?"

வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "காலைல. வயிறு முட்ட" என்றார்.

கம்பெனிப் பெண் இருமினாள். சாவியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். லாரி சந்து முனையிலேயே திரும்பிப் போவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

"நேத்து மத்தியானம்" என்றது இன்னொரு குரல்.

வாத்தியார். முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். கணக்குக்கு விடை சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கில்லாடி மனுஷன், என்று நினைத்தாள் சாவியம்மா. கணக்கு சொல்லிக்கொடுத்து வீணாய்ப் போயிருக்கிறார்.

முதலாளி வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷத்துக்கு" என்றார். சாவியம்மா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு வெளியே போவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "இவங்களுக்கு இப்பவே, என் கையாலேயே பை குடுக்கணும்."

"சார், அது... நாளைக்கு..."

"நாளைக்கா? பசி நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமாம்மா?"

இன்றைக்கு வராமல் போனவர்கள் நாளைக்கு வருவார்கள் என்று ஒவ்வொரு பையாகக் கட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்து முதலாளி கையில் ஒவ்வொன்றாக நீட்ட வேண்டியதாயிற்று. கேமரா மின்னிக்கொண்டே இருந்தது.

கார் கிளம்பிச் சந்து திரும்பும் வரைக்கும் சாவியம்மா கையாட்டினாள். பிறகு, "சரி, எல்லாரும் நல்லாத்தான் நடிச்சீங்க. பையை உள்ள வச்சுட்டு, துணியை மாத்திட்டுக் கிளம்புங்க" என்று திரும்பினாள்.

வீட்டுக்காரர் மட்டும் நின்றிருந்தார்.

"மத்தவங்க எங்க?"

"கார் கிளம்பறதுக்கு முன்னாடியே அவங்கவங்க துணியை அள்ளிட்டுப் போயிட்டாங்க. நல்ல வேகம். நானும் போகலாம்னு பார்த்தேன், போர்வை தடுக்கிடுச்சு."

"பையோடவா போனாங்க?"

"நான் மட்டும் ஏன் வைக்கணும்னு கேக்கறேன்."

சாவியம்மா அவர் கையிலிருந்து பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். இல்லாதவன் எடுத்தாலும் மனசு ஆறும். மாசம் தவறாமல் மகன் பணம் அனுப்புகிற அக்காவுக்கு இது எதற்கு? நாளைக்கு அந்தக் கிழவர் வந்து பஸ் நேரம் கேட்காமல் நிஜமாகவே கை நீட்டினால் என்ன கொடுப்பது?

கிடங்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் திட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். முட்டி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம் என்று மாறி மாறி வலித்தது. கட்டடத்துக்குள் நுழைந்ததும் தையல்காரர் வீட்டிலிருந்து சோறு வேகும் வாசனை வந்தது. எதிர்வீட்டிலும் அடுப்பு எரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு யார் வீட்டில் சோறு வடிப்பார்கள்? வெட்கங்கெட்டவர்கள், வந்ததும் வராததுமாக உலையை வைத்துவிட்டார்கள்.

"உடனே போய்க் கேட்டுடாதே" என்றார் வீட்டுக்காரர், மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாளைக்குப் பார்த்துக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்க."

"நீங்க வாயை மூடுங்க. வயிறு முட்டச் சாப்பிட்டவர்."

கதவைத் திறப்பதற்குள் மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. மாடிவீட்டு அக்கா இறங்கி வந்தாள். கையில் அந்தச் சாயம் போன சேலையும், அதன் மேல் இரண்டு கிழிந்த சட்டைகளும் இருந்தன. துவைத்து, அழகாக மடித்து, இன்னும் ஈரம் காயாமல். பட்டன் இல்லாத சட்டைக்குப் புதுப் பட்டன் வந்திருந்தது.

சாவியம்மா திட்ட வாயெடுத்தாள். அக்கா துணிகளை அவள் கையில் வைத்து, படியின் மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த போட்டோ எப்பன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடும்மா. வேஷத்துக்குக் கிழிஞ்ச துணி தர வேண்டாம், எங்க எல்லார்கிட்டயும் இருக்கு."