வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு

"நீதானேடி எனக்கும் சேர்த்து அட்டென்டன்ஸ் தாள்ல கையெழுத்து போட்ட? அப்போ நோட்ஸும் உன்கிட்டதானே இருக்கணும்?"

இருபத்தாறு வருடமாகக் கட்டடம் கட்டுகிற பொறியாளர் அவள். மறுநாள் காலை, தான் படித்த கல்லூரியிலேயே, கடைசி வருட மாணவர்களுக்குத் தொழில் அறம் பற்றிப் பேச வேண்டும். கூப்பிட்டபோது பெருமையாகத் தலையாட்டிவிட்டாள். பிறகுதான் உறைத்தது, அந்தப் பாடத்துக்கு அவள் ஒரு நாள்கூடப் போனதில்லை.

மறுமுனையில் தோழி சிரித்தாள். "நான் எங்கடி வகுப்புக்குப் போனேன்? வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்! கேன்டீன் ஜன்னல்ல மழையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒல்லிதான் போட்டான்."

ஒல்லி இப்போது தொந்தியும் தொப்பையுமாக ஒரு தொழிற்சாலையில் மேலாளர். "நானா? ஹாஸ்டல்ல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தேன். முதல் பெஞ்ச் சோடாபுட்டிகிட்ட சொல்லி வச்சேனே!"

சோடாபுட்டியின் குரல் கம்மியது. "யார்கிட்டயும் சொல்லிடாதே. அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் நானும் மட்டம். மேட்னி ஷோ."

"அப்போ யார்தான்டா கையெழுத்து போட்டது?"

அதோடு விட்டிருக்கலாம். சோடாபுட்டி உதவுகிறேன் பேர்வழி என்று பழைய நண்பர்களின் வாட்ஸப் குழுவில் நோட்ஸ் கேட்டுவிட்டான். நோட்ஸ் வரவில்லை. "நாளைக்கு நாங்களும் வர்றோம்!" என்று பதினேழு பேர் கிளம்பிவிட்டார்கள். போதாக்குறைக்கு, அதில் ஒருத்தி அந்தப் பாடம் எடுத்த பேராசிரியரையும் அழைத்துவிட்டாள்.

"வயிறு சரியில்லைன்னு சொல்லிடேன்" என்றார் கணவர்.

"தொழில் அறம் பேசப் போறவ பொய் சொல்லி லீவு போடறதா?"

காலையில் கல்லூரித் தாழ்வாரத்தில் கால் வைத்தாள். அதே சுண்ணக்கட்டி வாசனை. காம்பஸ் முனையால் பெயர் கீறிய அதே பெஞ்சுகள். வாசலிலேயே, தலை பஞ்சாக நரைத்த பேராசிரியர்.

"என்னோட முதல் வகுப்பு ஞாபகம் இருக்காம்மா?"

"மறக்க முடியுமா சார்?" வாய் முந்திக்கொண்டது. "அந்தப் பாலம் உதாரணம்..."

பேராசிரியர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா, பாலம்! அதையே பசங்களுக்குச் சொல்லு."

மேடையேறினாள். எதிரே கன்னத்தில் கை வைத்த இளம் முகங்கள். இந்த முகங்களிடம் எப்படிப் புளுகுவது?

"நான் இந்த வகுப்புக்கு வந்ததே இல்லை" என்றாள். "பாலம் உதாரணம்கூட இப்போ வாசல்ல நான் அவிழ்த்து விட்டதுதான்."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒல்லி எழுந்தான். "நானும் வந்ததில்லை." அடுத்து சோடாபுட்டி. பிறகு ஒவ்வொருவராக அத்தனை பேரும்.

"ஆனா அந்த நேரத்துல நான் ஆத்துல பாலம் கட்டறதை வேடிக்கை பார்க்கப் போவேன். அங்கே ஒரு பொறியாளர் அக்கா. என்னைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். ஒரு நாள், எழுப்பி முடிச்ச தூணை இடிக்கச் சொல்லி நின்னாங்க. அவங்க இல்லாத நேரத்துல வேலையாளுங்க சிமென்ட்டைக் குறைச்சுப் போட்டுட்டாங்களாம். வெளியே ஒரு விரிசல் இல்லை. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மேலதிகாரி கத்தினார். அவங்க அழுதுகிட்டே நின்னாங்க, ஆனா நகரலை. தூணை இடிச்சாங்க. இன்னிக்கும் எந்த வரைபடத்துல கையெழுத்து போட்டாலும் எனக்கு அந்த அக்கா முகம்தான் வரும்."

சிரிப்பு அடங்கியிருந்தது. ஒரு மாணவி மெல்லக் கைதட்ட, பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அவள் கண் கலங்கியபடி இறங்கிப் பேராசிரியர் முன் நின்றாள். "மன்னிச்சிடுங்க சார். ஒரு வருஷம் முழுக்க உங்களை ஏமாத்திட்டேன்."

பேராசிரியர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீ தட்டோடு வந்த வயதான அட்டெண்டர் அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினார்.

"நீங்க ஏம்மா அழறீங்க? வெறும் தாளைக் கொண்டு போனா ஆபீஸ்ல என்னைத் திட்டுவாங்கன்னு அறுபது கையெழுத்தையும் நான்தான் போட்டேன். சாரோடதையும் சேர்த்தா அறுபத்தொண்ணு."