சுண்டுவிரலும் பிடரி வெளிச்சமும்

வூஸ்டர் நகரமே கால் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றது. ஊசி வைத்தியர் விட்லாக்கின் கூடத்து வாசலில், கொட்டும் பனியில், அப்படியொரு வரிசை. சுண்டுவிரலில் ஊசி ஏறினால் மங்கிய பார்வை திரும்புமாம். சொன்னது யார்? மூளையே சொல்லிவிட்டது! சுவர் நிறைய மூளைப் படம்: ஊசி குத்தியதும் பிடரிப் பக்கத்தில், பார்வைக்கான இடம், தணலாய்ச் சிவந்திருந்தது.

அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்த மேதை பெர்னடெட். மூளைப் படத்தில் பேர்போனவள். சுவரில் தன் பெயரைக் கண்டு பூரித்தவள். அவள் தம்பி நோர்மனோ கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தையே தூக்கி எறிந்துவிட்டான்.

"பார்வையே போயிரும்டா!"

"உன் படத்தைப் பார்த்துத்தானே நிறுத்துனேன், பெர்னி. நீ பொய் சொல்லுவியா?"

ஊரையெல்லாம் மூளையைப் படம் பிடிக்கும் குழாய்க்குள் தள்ளியவள், முதன்முதலாகத் தானே போய்ப் படுத்தாள். நோர்மன், படம் தெரியும் திரையருகே நின்றான்.

"கண்ணை மூடிக்கோங்க," என்றார் விட்லாக். பிறகு கால்மாட்டிலிருந்து வழக்கம்போல் உரக்கக் கத்தினார்: "குத்தப்போறேன்!"

கண் தானாகத் திறந்தது. முகத்துக்கு நேர் மேலே கண்ணாடி. அதில் தன் கால், தன் விரல், வரும் ஊசி. பார்க்காமல் இருக்க அவளென்ன கல்லா?

திரையில் பிடரி சிவந்தது. குழாய்க்குள் பெர்னடெட் சிரித்த சிரிப்பில் படமே கலங்கிப்போயிற்று. பார்த்ததால் பார்வையிடம் சிவந்திருக்கிறது. இது தெரியாமல் தனக்கு இரண்டு பட்டம் வேறு!

"கண்ணாடியை மூடிட்டுக் குத்துங்க."

"சக்தி ஓட்டம் தடைபடும், மேடம்."

"சக்தி காலுலதானே ஓடுது? மூஞ்சிக்கு மேல துணி கிடந்தா அதுக்கென்ன?"

மூடினார்கள். குத்தினார். பிடரி கும்மிருட்டு.

துணியை எடுத்துவிட்டு, ஊசியே இல்லாமல், அவள் காலருகே நோர்மன் ஒரு டோனட்டை ஆட்டினான். பிடரி ஜெகஜோதி!

"டோனட்டுக்கும் பார்வை திரும்புதே! இது உமக்கு முன்னமே தெரியும்ல?" என்று விட்லாக்கைப் பிடித்தான்.

"தெரியும். ஆனா யாரும் கேக்கலியே. படம் எடுத்த மேடம்கூடக் கேக்கல."



மறுநாள் வரிசை முழுவதும் பார்க்க, பெர்னடெட்டே அந்தச் சுவர்ப் படத்தைக் கிழித்தாள். பிறகு தம்பியின் தாடையை நிமிர்த்திச் சொட்டு மருந்தை விட்டாள்.

"இனிமே உன் படத்தை நம்பலாமா, பெர்னி?"

"நம்பாதே. எடுக்கும்போது கண்ணாடி எங்க இருந்துச்சுன்னு கேளு. மூளையைப் படம் பிடிக்கத்தான்டா மெஷின் இருக்கு. யோசிக்க அது வராது, நாமதான் யோசிக்கணும்."