ஐந்து முள் தூண்டிலும் மஹ்மூதா பீவியின் சந்தேகங்களும்

ஐந்து முள் கட்டிய தூண்டிலை ஆற்றுப்பாலத்தின் மேலிருந்து நேர்கீழே இறக்கினான் காஜா முகைதீன். இழுத்துப் பார்த்தபோது நாலு முள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. ஐந்தாவது அவன் சட்டையைக் கவ்விக்கொண்டது. மீன் சிக்கவில்லை, சிக்குதான் சிக்கியது.

அந்த நூலுருண்டையை நெஞ்சில் தொங்கவிட்டபடியே மேலப்பாளையத்துத் தெரு வழியாக வீடு வந்து சேர்ந்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு டில்லியில் பட்டம் கட்டிய வருஷம். நாடெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. அந்தத் தெரு மட்டும் அன்றைக்கு காஜா முகைதீனின் சட்டையைப் பற்றிப் பேசியது.

அவன் நெசவாளி. தறியில் ஆயிரம் இழை ஓடினாலும் ஒன்றோடொன்று பின்னாமல் ஓட்டுகிறவன். ஐந்தே ஐந்து நூல் தன்னை ஏமாற்றிவிட்டதை அவனால் தாங்க முடியவில்லை. மேலும் எதையும் ஏன் என்று கேட்காமல் விடுகிற ஆளும் இல்லை. சோறு ஏன் அடிப்பிடிக்கிறது என்று அடுப்புக்கு முன்னால் குந்தி யோசிப்பான். சோற்றை இறக்கிவைக்க மாட்டான்.

அவன் மனைவி மஹ்மூதா பீவி கத்தரிக்கோலால் சட்டையைப் பைய விடுவித்தாள்.

"எதுக்குங்க அஞ்சு முள்ளு?"

"தூணடி மடுவுல கெண்டை அடுக்கடுக்கா நிக்குது. ஒத்த முள்ளு ஒரு அடுக்குக்குத்தான் எட்டும். மேலயும் கீழயுமா அஞ்சு தொங்குனா அஞ்சு அடுக்கும் நமக்குத்தான்."

"பெறகு ஏன் சிக்குச்சு?"

"அதான் தெரியல."

தெரியாமல் இருக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து மஹ்மூதாவின் அண்ணன் விருந்துக்கு வருகிறார். கடல்மீன் தின்று வளர்ந்தவர். 'உங்க ஆத்துல மீனுன்னு ஒண்ணு உண்டுமா?' என்று போன தடவை கேட்டுவிட்டுச் சிரித்தவர். ஒரே இழுப்பில் ஐந்து மீன் பிடித்து உங்களுக்குக் குழம்பு வைக்கிறேன் என்று காஜா முகைதீன் அவருக்கு ஆள் விட்டுச் சொல்லியாயிற்று.

"ஆத்துல கலங்கல்," என்றாள் மஹ்மூதா. "உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? நம்ம கிணத்துத் தண்ணி கண்ணாடியாட்டம் கிடக்கு. அதுல விட்டுப் பாத்தா என்ன?"

காஜா முகைதீனுக்கு அவள்மேல் மதிப்பு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கிணற்றடிக்கு அதிகம் போனவனில்லை. கயிறு பிடித்தால் நெசவுக்காரன் விரல் கெட்டுப்போகும் என்பது அவன் கட்சி. தோள் வலிக்கிறது என்று அவள் சொன்ன நாளெல்லாம், தோள் ஏன் வலிக்கிறது என்றுதான் அவன் யோசித்திருக்கிறான்.

மறுநாள் காலையிலேயே தூண்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றான். கனத்துக்காக நூலின் கீழே கட்டிய கல் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது.

"செம்பைக் கட்டுங்களேன்," என்றாள் மஹ்மூதா. "தண்ணி ரொம்புனா அதுவே கனம்."

செம்பு இறங்கியது. நூல் நேராக நின்றது. குனிந்து பார்த்தவனுக்கு முதல் உண்மை கிடைத்தது. முள் தொங்கும் கிளைநூல், இரண்டு முள்ளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைவிட நீளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று போய்விடுகிறது. சந்தோஷமாகச் செம்பை இழுத்துத் தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டப் போனான்.

"அங்கன ஊத்தாதிய. தண்ணி கலங்கிப்போகும். பெறகு முள்ளு எப்படித் தெரியும்? இந்தா, தொட்டி இருக்குல்லா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கிளைநூலைச் சாணளவிலிருந்து நாலு விரலாகக் குறைத்தான். இப்போது நனைந்த நூல் துவண்டு, நடுநூலோடு ஒட்டிக்கொண்டது. விறைப்பாக நிற்கிற இழை வேண்டும் என்று புரிந்தது. ஜட்கா வண்டிக்குதிரையின் வாலில் மயிர் எடுக்கப் போனான். வண்டிக்காரன் சம்மதித்தான்; குதிரை சம்மதிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, நாலைந்து மயிரைச் சேர்த்து முறுக்கிக் கட்டினான். முள்ளெல்லாம் கிளையில் காய் நிற்பதுபோல விலகி நின்றன. ஆனால் செம்பு இறங்க இறங்க நடுநூல் முறுக்கு அவிழ்ந்து பம்பரமாய்ச் சுற்றியது. தறிக்காரனுக்கு அது பெரிய காரியமில்லை. வலமுறுக்கு இழையோடு இடமுறுக்கு இழை சேர்த்துத் தடியாகப் புது நூல் முறுக்கினான். சுற்று நின்றுபோனது.

இதற்கு நடுவே மஹ்மூதாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகம் வந்தது.

"காலையில சிக்கல. வெயில் ஏறுனா எப்படியோ?"

உச்சிவெயிலில் இறக்கிப் பார்த்தான்.

"ஆத்துல இழுப்பு சாஸ்தியில்லா? செம்புக் கனம் காணுமா?"

குடத்தைக் கட்டிப் பார்த்தான்.

"ஒரு தடவ சிக்கலேன்னா அது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். திரும்பத் திரும்பச் சிக்காம வந்தாத்தான நம்பலாம்?"

திரும்பத் திரும்ப இறக்கினான். உள்ளங்கை கொப்பளித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில், குடத்தை எத்தனை தடவை இழுத்தாலும் ஐந்து முள்ளும் தனித்தனியே வரிசையாக ஏறி வந்தன. இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றான்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜுபைதா பீவியின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி.

"ஏளா மஹ்மூதா, எங்க வீட்டு மனுசன் குடத்தத் தொட்டும் பாக்க மாட்டாரு. ஒம் மாப்ள நாலு நாளா எறைச்சுத் தள்ளுதாரே, என்ன மருந்து வச்ச?"

"மருந்தெல்லாம் இல்லக்கா. சந்தேகந்தான் கேட்டேன்."

காஜா முகைதீன் திரும்பிப் பார்த்தான். தொட்டி நிறைந்திருந்தது. சாயப்பானை, கஞ்சிப்பானை, அண்டா எல்லாம் நிறைந்திருந்தன. கோழிக்கு வைக்கிற சட்டிகூட வழிந்தது.

"இனிமே ஒன் சந்தேகம் ஒண்ணுக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்," என்றான்.

"சரிங்க," என்றாள் மஹ்மூதா.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாலத்தில் நின்றான். குடம் இருந்த இடத்தில் ஈயக்குண்டு. முள்ளுக்கு முள் மண்புழு. தூணை ஒட்டி நேரே இறக்கினான். முதலில் ஒரு சுண்டல். பொறுத்தான். இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். நூல் விரலில் வீணைத்தந்தியாக அதிர்ந்தபோது இழுத்தான். மேல் நாலு முள்ளில் நாலு கெண்டை, அடிமுள்ளில் கொழுத்த கெளுத்தி. சிக்கு என்று பேருக்குக்கூட இல்லை. அதே தெரு வழியாக, வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தான். தூண்டிலைத் தோளில் மாலைபோல் போட்டிருந்தான்.

மஹ்மூதா மீன்களை வாங்கி அரிவாமணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனை ஒன்றும் கேட்கவில்லை. மீன்களிடம் பேசினாள்.

"நாலும் கெண்டை. அடியில மட்டும் கெளுத்தி. கீழ கெடக்கறது வேற இரை திங்குமோ என்னமோ. வயித்தக் கீறிப் பாத்தாத் தெரியும். நமக்கு எதுக்கு."

சொல்லிவிட்டு மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

காஜா முகைதீன் கூரையைப் பார்த்தான். தறியைப் பார்த்தான். தறியில் போய் உட்கார்ந்து, ஊடிழை ஓட்டும் நாடாவை ஒரு தடவை தள்ளிவிட்டு, எழுந்து வந்தான்.

காயல்பட்டினத்து மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மாப்பிள்ளை முழங்கைவரை செதிலோடு அரிவாமணைக்கு முன்னால் இருந்தார். ஐந்து மீனும் சுத்தமாகத் துண்டாகிக் கிடந்தன.

"என்ன மாப்ள இது?"

"ஆராய்ச்சி, மச்சான்," என்றான் காஜா முகைதீன். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, தாங்க முடியாத உற்சாகத்தில் சொன்னான்: "ஏளா, கெண்டை வயித்துல பாசி. கெளுத்தி வயித்துல புழுவும் பூச்சியும். ரெண்டுக்கும் வேற வேற."

"அப்படியாங்க," என்றாள் மஹ்மூதா, துண்டுகளைக் கழுவிச் சட்டியில் போட்டபடி. "எனக்கும் ஒண்ணு ரொம்ப நாளா வெளங்கல. அடுப்ப ஊதுதவ எந்தப் பக்கம் உக்காந்தாலும் புகை அவ மூஞ்சிக்கே வருதே, ஏன்?"

காஜா முகைதீன் கையைத் துடைத்துக்கொண்டு ஊதுகுழலை எடுத்தான்.