என் மகள் இருபத்திரண்டு தரம் களவெடுத்த கதை

எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, நல்லாத் தெரியும் என்று நான் சொல்லாத இடம் இந்த ஜேர்மனியில் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வந்த புதிதில் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினேன்; இன்றைக்கு ஹாம் நகரத்தில் இரண்டு ரெஸ்ரோறண்டுக்கு முதலாளி. என் டொச் புத்தகத்தில் படித்ததல்ல, சட்டிபானைக்குள்ளால் வந்தது. (அதனால்தான் கரி பிடித்திருக்கிறது என்பாள் என் மனைவி ஜெயா. அவளுக்குப் பொறாமை.)

அந்த டொச்தான் என்னைக் கவிழ்த்தது.

மகள் துளசி ஆஹென் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்கிறாள். அங்கே மாணவர் அணியில் பேஸ்போல் விளையாடுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். "அப்பா, ஒரு மட்ச் பாக்க வாங்கோவன்" என்று மூன்று தரம் கேட்டிருக்கிறாள். மூன்று தரமும் எனக்கு 'டெர்மின்', அதாவது முன்பே நேரம் குறித்த அலுவல், இருந்தது. கிரிக்கெட் தெரிந்தவனுக்கு இந்தக் கொட்டன் விளையாட்டு எதற்கு என்ற எண்ணம்தான் அந்த டெர்மின்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அடுப்படியில் புகை இழுக்கிற மெஷின் இரைந்துகொண்டிருக்க, போனில் ஒரு வெள்ளைக்காரர். துளசியின் பெயரைச் சொன்னார். பிறகு சொன்னதில் இரண்டு சொற்கள் ஆணி மாதிரி என் காதில் இறங்கின. ஒன்று 'ஷ்லேகரின்'. மற்றது 'கெஸ்டோலன்'. அதுவும் இருபத்திரண்டு தரம் கெஸ்டோலன். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெற்றோர் வரவேண்டுமாம்.

அந்த இரண்டு சொல்லையும் எனக்குப் படிப்பித்தது பொலிஸ். என் கடையில் குடித்துவிட்டுக் கதிரையால் அடித்தவனை அவர்கள் 'ஷ்லேகர்' என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள். அடிதடிக்காரன். பெண் என்றால் ஷ்லேகரின். வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டு காணாமல் போனபோது எழுதியது 'கெஸ்டோலன்'. களவு போனது. ஆக, என் மகள் ஆட்களுக்கு அடிக்கிறாள். இருபத்திரண்டு தரம் களவும் எடுத்திருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சரியாத்தான் கேட்டனீங்களோ?" என்றாள் ஜெயா.

"என்ர டொச்சையோ சந்தேகப்படுறாய்?"

"பிள்ளையிட்டை ஒருக்காப் போன் பண்ணிக் கேப்பம்."

"கேட்டால் மறைப்பாள். நேரை போவம்."

உண்மை அதுவல்ல. கேட்கப் பயம். "ஓம் அப்பா" என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? எங்கள் பரம்பரையில் முதல் பட்டம் எடுக்கப்போகிறவள் அவள்தான். படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நாலு நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கலியாண வீட்டுக் கோட்டுசூட்டைப் போட்டேன். நூறு ரோல்ஸ் பொரித்துத் தட்டில் அடுக்கினேன். (விசாரணைக்கு வெறுங்கையோடு போகிற ஆள் நானில்லை.)

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். முன்னால் நீளமான மேசை. அதில் பளபளவென்று வெள்ளிக் கோப்பைகள். 'எடுத்த சாமான் எல்லாத்தையும் பிடிச்சிட்டாங்கள்' என்று ஜெயாவின் காதில் சொன்னேன். அவள் காமாட்சி அம்பாளைக் கூப்பிடத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்த துளசி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

போனில் பேசியவர் மேடையேறினார். ஒரு பெடியனைக் கூப்பிட்டு, "ஏழு தரம் கெஸ்டோலன்" என்றார். சனம் கை தட்டியது. கள்ளனுக்குக் கை தட்டுகிற சனத்தை அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்து துளசி. "இருபத்திரண்டு தரம்!" என்றதும் மண்டபமே எழுந்து நின்றது.

நானும் எழுந்தேன். நேரே மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். என் டொச்சில் சொன்னேன்: "என் மகள் நல்ல பிள்ளை. களவெடுத்த இருபத்திரண்டையும் நானே கொண்டுவந்து தருவேன். அவளிடம் அடி வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு தாயிடமும் மன்னிப்புக் கேட்பேன். படிப்பை மட்டும் நிறுத்தாதேயுங்கோ." கடைசி வசனம் என்னை அறியாமல் தமிழில் வந்துவிட்டது.

துளசி என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நான் அடிச்சது பந்துக்கு. இந்த வருசம் வடிவா அடிச்ச ஆக்களுக்குப் பரிசு குடுக்கினம்."

"அப்ப களவெடுத்தது?"

"பேஸ். நிலத்தில கிடக்கிற வெள்ளை மெத்தை."

"அதை எங்கை கொண்டுபோய் வச்சிருக்கிறாய்?"

"ஐயோ, அது அங்கையேதான் கிடக்கும். பந்து எறியிறவன் அசந்த நேரம் ஓடிப்போய் அதை மிதிச்சால், களவு எண்டு சொல்லுறது."

அதை அவள் டொச்சில் மற்றவர்களுக்கும் சொன்னாள். பிறகு எழும்பிய சிரிப்பை நான் விவரிக்க மாட்டேன். (ரோல்ஸ் பத்து நிமிசத்தில் முடிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.)

கார் நிறுத்திய இடத்தில் வைத்துத்தான் கேட்டேன்: "நீயே சொல்லியிருக்கலாம்தானே? ஏன் உங்கட கோச்சைக் கொண்டு போன் எடுப்பிச்சனி?"

"நான் கூப்பிட்டால் நீங்கள் வாறேல்லை அப்பா. வெள்ளைக்காரன் கூப்பிட்டால் சூட் போட்டுக்கொண்டு வருவியள்."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஹாமுக்குத் திரும்பும்வரை அந்தக் களவைப் பற்றியே யோசித்தேன். கொழும்பில் இருந்து மொஸ்கோ, மொஸ்கோவில் இருந்து கிழக்கு பேர்லின், அங்கிருந்து மேற்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒட்டி நின்று, பார்க்கிறவன் அசந்த நேரம் அடுத்த இடத்துக்கு ஓடித்தான் நானும் அகதியாய் இந்த நாட்டை மிதித்தேன். அதைக் கெட்டித்தனம் என்று கலியாண வீடுகளில் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை ஓடுவதைப் பார்க்க ஒரு தரம் போகவில்லை.

இப்போது எல்லா மட்சுக்கும் போகிறேன். டெர்மின் எல்லாம் ஜெயா பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் சீனி வருத்தக்காரனான நான் இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டினால், "அப்பா பேஸ் களவெடுக்கிறார்" என்று, லீவில் வந்து நிற்கிற துளசியின் குரல் வரும். மைதானத்தில் என் முறை. துளசி மெல்ல நகரத் தொடங்கியதும், "ஓடு பிள்ளை, அவன் பாக்கேல்லை!" என்று கத்துவேன். போன மாதத்தில் இருந்து அந்த அணியே என்னோடு சேர்ந்து கத்துகிறது, "ஓடு பில்லே!" என்று.

அவர்களுடைய தமிழில் கொஞ்சம் கரி பிடித்திருக்கிறது. நான் திருத்துவதில்லை.